புல்லில் 11 செ.மீ., பலகையில் 8: ஸ்கார்பரோ பனி அளவு

கனடாவின் ஸ்கார்பரோவில் விழுந்த ஒரே பனியைப் புல்லிலும் பலகையிலும் அளந்தால் இரண்டு அளவு வருகிறது, எதை எழுதுவது? பலகையில் வந்த 8-ஐயே எழுதுங்கள். புல்லில் கிடைத்த 11-ஐ விட்டுவிடுங்கள்.

வெட்டாத புல் பனியைத் தாங்கிப் பிடிக்கும். அடியில் வெறும் காற்று. அளக்கும் அடிமட்டம் (ஸ்கேல்) அதையும் தாண்டி மண்ணில் போய் முட்டும். அந்த 3 செ.மீ. பெரும்பாலும் அதுதான்.

சந்தேகமென்றால் உருக்கிப் பாருங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள, பக்கம் நேரான பால்மா டின்னைப் பலகைப் பனியில் கவிழ்த்து அழுத்துங்கள். அடியில் தகடு செருகித் தூக்கி, வீட்டுக்குள் மூடி வைத்து உருக்குங்கள். அடுப்பில் வேண்டாம், ஆவியாகிவிடும். 63 மி.லி. வந்தால் 8 மி.மீ. நீர், 10:1 கணக்குக்குச் சரி (10 செ.மீ. பனிக்கு 1 செ.மீ. நீர்). 40 மி.லி. வந்தாலும் பதற வேண்டாம், அது உலர்ந்த, பஞ்சுப் பனி.

பலகை வெள்ளைப் பெயிண்ட் அடித்த 60 செ.மீ. சதுர பிளைவுட்டாக இருக்கட்டும். கறுப்பென்றால் வெயிலில் உருகும். டெக் மேல் வைக்காதீர்கள்.

மணிக்கு மணி துடைத்து அளந்து கூட்டாதீர்கள். பனி தானாக அமுங்கும். அப்படிக் கூட்டினால் தொகை ஊதிவிடும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும், அதற்குமுன் துடைக்கக் கூடாது.

காற்று பலமென்றால் பலகையும் பொய் சொல்லும். அன்றைக்குப் பத்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள், வேலியோரக் குவியலைத் தவிர்த்து.