பாடம் எழுதாத பக்கங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். மூன்று வருடமாக உங்கள் எழுத்துகளை வாசித்து வருகிறேன். அன்றாடம் நடக்கும் சின்ன விஷயங்களிலிருந்து ஆவிக்குரிய பாடங்களை நீங்கள் எடுத்துச் சொல்வதைப் பார்த்துத்தான் நானும் ஒரு நோட்டுப் போட்டேன். தினமும் ராத்திரி, அன்று நடந்த ஒன்றை எழுதி, அதன் கீழே ‘ஆண்டவர் கற்றுத்தந்தது’ என்று ஒரு வரி எழுதுவேன். பூட்டில் சாவி மாட்டிக்கொண்டதிலிருந்து பொறுமை, தொட்டிச்செடி வாடியதிலிருந்து என் ஜெபக்குறைவு, பஸ்ஸைத் தவறவிட்டதிலிருந்து ஆண்டவருடைய வேளை என்று இரண்டு நோட்டுகள் நிரம்பிவிட்டன.

நான்கு மாதத்துக்கு முன்னால் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பத்தாம் நாள் போய்விட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், “இதன் மூலமாக ஆண்டவர் உனக்கு என்ன கற்றுக்கொடுக்கிறார் என்று ஜெபித்துப் பார்” என்றார். ஜெபித்தேன். ஒன்றும் வரவில்லை. நோட்டைத் திறந்து தேதி எழுதுகிறேன், அதோடு கை நின்றுவிடுகிறது. அம்மாவின் மூக்குக்கண்ணாடி என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதில் அவர்கள் விரல் பட்ட தடம் அப்படியே இருக்கிறது. துடைக்கவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் முடியவில்லை.

எல்லாவற்றிலும் ஒரு பாடம் இருக்கிறதா அக்கா? இருந்தால் எனக்கு ஏன் தெரியவில்லை? இல்லையென்றால், அந்த இரண்டு நோட்டும் நானே கற்பனை பண்ணிக்கொண்டதுதானா?

உங்கள் வாசகி

* * *

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. அம்மாவை நினைத்து மனம் கனத்துப்போனது. அதோடு, தவறவிட்ட பஸ்ஸிலிருந்து பாடம் எடுப்பது போன்ற குறிப்புகளை நானும் எழுதியிருக்கிறேன். உங்கள் கையில் அந்த நோட்டைக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஆகவே இந்தப் பதிலை ஒரு கடமையாக நினைத்து எழுதுகிறேன்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இயேசு ஒரு கேள்வியைத் தாமே கேட்கிறார்: “தேவனுடைய ராஜ்யம் எதற்கு ஒப்பாயிருக்கிறது? அதை எதற்கு ஒப்பிடுவேன்?” கேட்டுவிட்டுக் கடுகுவிதையைச் சொல்கிறார், புளித்த மாவைச் சொல்கிறார். எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டிருந்த சாதாரணப் பொருள்கள். அன்றாட வாழ்க்கையிலிருந்து பாடம் எடுக்க நமக்கு உரிமை கிடைப்பது இங்கேதான்.

ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் வேறொரு பேச்சு நடக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, “அப்படியல்ல” என்று அவரே சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொன்னார். செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை தீர்ப்புச் சொல்லவில்லை, அந்தக் கோபுரம் ஏன் விழுந்தது என்ற விளக்கமும் தரவில்லை. யோவான் 9இல் பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும், “இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்றுதான் பதில்.

இது எதைப் போல் இருக்கிறது என்று கேட்பது ஒன்று. இது எதற்காக எனக்கு நடந்தது என்று கேட்பது வேறொன்று. முதல் கேள்வியை எந்தப் பொருளிடமும் கேட்கலாம். இரண்டாவதை ஒவ்வொரு சம்பவத்திடமும் கேட்டு அன்று ராத்திரிக்குள் பதில் வாங்க வேண்டும் என்று வேதம் நம்மிடம் எங்கேயும் சொல்லவில்லை. உங்கள் நோட்டில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். என்னுடைய எழுத்திலும் கலந்திருக்கிறது.

புளித்த மாவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு பெண் மூன்றுபடி மாவில் அதை அடக்கி வைத்தாள் என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. மூல மொழியில் அது மூன்று ‘சாத்தோன்’. ஒரு சாத்தோன் சுமார் 13 லிட்டர். ஆக, கிட்டத்தட்ட 40 லிட்டர் மாவு. ஒரு குடும்பத்துக்கான அளவே இல்லை இது, பெரிய விருந்துக்கே போதும். அதற்குள் கையளவு புளித்த மா. ‘அடக்கி வைத்தாள்’ என்ற இடத்தில் மூலத்தில் உள்ள வார்த்தைக்கு ஒளித்து வைத்தாள் என்று பொருள். உள்ளே போன பிறகு எது புளித்த மா, எது புது மா என்று பிரித்து எடுக்க முடியாது. பொழுது போகப்போக எல்லாம் பொங்கி வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்த யூத ஜனங்களுக்குப் புளிப்பு பெரும்பாலும் நல்ல அடையாளமாக இருந்ததில்லை. பஸ்கா நாட்களில் வீட்டில் புளித்தமா இருக்கவே கூடாது. பரிசேயருடைய புளித்தமாவைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று இயேசுவே வேறொரு இடத்தில் சொல்கிறார். அப்படியிருந்தும் தேவனுடைய ராஜ்யத்துக்கு அதையே ஒப்பிடுகிறார். இந்தப் பொருளுக்கு இந்தப் பாடம் என்று அவர் முத்திரை குத்தி வைக்கவில்லை. மாவு எப்படிப் பொங்குகிறது என்று நன்றாகப் பார்த்தவர் பேசுகிற பேச்சு அது.

நீதிமொழிகள் 24இலும் இதே ஒழுங்கைப் பார்க்கலாம். ஒருவன் சோம்பேறியின் வயல் வழியாகப் போகிறான். எங்கும் முள்ளு, காஞ்சொறி மூடிக் கிடக்கிறது, கற்சுவர் இடிந்து கிடக்கிறது. இவ்வளவையும் வரிசையாகச் சொன்ன பிறகுதான், “அதைக் கண்டு சிந்தனைபண்ணினேன், அதை நோக்கிப் புத்தியடைந்தேன்” என்கிறான். புத்தி வருவது கடைசியில்.

சரி, உங்கள் தொட்டிச்செடிக்கு வருகிறேன். அது வாடியதும் ஜெபக்குறைவு என்று எழுதிவிட்டீர்கள். மண்ணைத் தொட்டுப் பார்த்தீர்களா? தண்ணீர் குறைந்தாலும் இலை வாடும். தண்ணீர் கூடிப்போய் வேர் அழுகினாலும் அதே மாதிரிதான் வாடும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஜெபம் குறைந்து வாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓய்வே இல்லாமல் ஊழியம், கூட்டம், உபவாசம் என்று தன்மேல் ஊற்றிக்கொண்டே போய் வாடிப்போனவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்த வகையோ, எனக்குத் தெரியாது. அந்த மண்ணில் ஒரு விரல் வைத்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த இரண்டு நோட்டும் கற்பனையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஆண்டவரைத் தேடின ஒரு பெண்ணின் இரண்டு வருடம் அதில் இருக்கிறது, அதை அவர் வீணாக எண்ண மாட்டார். ஒரு நாள் ஆற அமர உட்கார்ந்து அவற்றைத் திரும்ப வாசியுங்கள். உண்மையாகவே பார்த்து எழுதியது எது, வரியை நிரப்புவதற்காக எழுதியது எது என்று உங்கள் மனமே காட்டிக்கொடுக்கும்.

இப்போது என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா பக்கவாதம் வந்து பதினோரு மாதம் படுக்கையில் இருந்தார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியில் அலாரம் வைத்து எழுந்திருப்பேன். தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து உருட்டி, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. குதிகால் மெத்தையில் அழுந்தாமல் இருக்கக் கணுக்காலுக்குக் கீழே மடித்த துணி. காலையில் வெந்நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்துவிடுவேன். முகம், கை, முதுகு வரைக்கும் சும்மா இருப்பார். பாதத்துக்கு வந்ததும், அசைக்க முடிந்த அந்த இடது காலை மட்டும் இழுத்துக்கொள்வார். ஒரு நாள் வாய் குழற, “விடு” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் இவ்வளவு செய்கிறேன், இவர் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறாரே என்று.

அந்தப் பதினோரு மாதத்தில் எனக்கு எந்தப் பாடமும் கிடைக்கவில்லை. தூக்கம் கெட்டது, இடுப்பு வலித்தது, அவ்வளவுதான். அவர் போய் இரண்டு வருடம் கழித்து, இயேசு சீஷர்களுடைய கால்களைக் கழுவுகிற யோவான் 13ஐ வாசித்துக்கொண்டிருந்தேன். “நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது” என்று பேதுரு சொல்கிற இடத்தில் அப்பாவின் இடது கால் கண் முன்னால் வந்து நின்றது. அதுவரை அந்த வசனத்தில் பேதுருவின் தாழ்மையை மட்டும்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு அவனுடைய கூச்சம் தெரிந்தது. திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் ஒருவர் கையில் தன் பாதத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம்! அப்பாவுக்கு இருந்ததும் அந்தக் கஷ்டம்தான். ஆண்டவர் முன்னால் எனக்கு இருப்பதும் அதுதான் என்று அன்று புரிந்தது. எதையாவது செய்து காட்டிவிட்டுத்தான் அவரிடம் வாங்கிக்கொள்வேன் என்று அத்தனை வருடம் கால்களை இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இது எனக்குப் பெரிய வெளிச்சம். ஆனால் என் அப்பாவின் பக்கவாதம் எனக்கு இதைக் கற்றுத்தரத்தான் வந்தது என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். என் வளர்ச்சிக்காக இன்னொரு மனிதரின் உடம்பு பதினோரு மாதம் கிடந்தது என்று சொல்ல என் வாய் வராது.

ரோமர் 8:28ஐ உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று நானும் முழுமனதோடு விசுவாசிக்கிறேன். யோசேப்பைப் பாருங்கள். சகோதரர்கள் அவரைக் குழியில் போட்டு, பிறகு விற்றபோது வயது 17. பார்வோன் முன் நின்றபோது 30. பிறகு ஏழு வருடம் விளைச்சல், இரண்டு வருடம் பஞ்சம். அதற்கப்புறம்தான் சகோதரர்களிடம், ஜீவரட்சணை செய்யும்படிக்குத் தேவன் என்னை முன்னே அனுப்பினார் என்று சொல்கிறார். கணக்குப் பார்த்தால் 22 வருடம். குழிக்குள் கிடந்த அன்றைக்கு என்ன சொன்னார்? அவர் கெஞ்சி வேண்டிக்கொண்டார், நாங்கள் கேட்காமல் போனோம் என்று அந்தச் சகோதரர்களே ஆதியாகமம் 42இல் ஒத்துக்கொள்கிறார்கள். அந்தக் குழிக்கு மேலே நின்றுகொண்டு, இதன் மூலம் தேவன் உனக்கு என்ன கற்றுத்தருகிறார் என்று யாராவது கேட்டிருந்தால் அந்தப் பையன் என்ன பதில் சொல்லியிருப்பான்?

சம்பவத்தைப் பார்த்த உடனே அர்த்தம் சொல்வதில் எவ்வளவு தவறு நேரும் என்பதற்கு அப்போஸ்தலர் 28 இருக்கிறது. மெலித்தா தீவில் பவுலின் கையை விரியன் பாம்பு கவ்விக்கொண்டதும் அந்தத் தீவின் ஜனங்கள் அவரைக் கொலைபாதகன் என்றார்கள். அவர் சாகவில்லை என்றதும் தேவன் என்றார்கள். இரண்டும் தப்பு.

அப்புறம், லாசரு மரித்த பிறகு அவனுடைய ஊருக்கு வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும். “ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்று மார்த்தாள் சொல்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மரியாளும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறாள். மார்த்தாளோடு இயேசு பேசுகிறார், உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்கிறார். மரியாள் அழுவதைக் கண்டபோது விளக்கம் ஒன்றும் இல்லை. எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறார், கண்ணீர் விடுகிறார். இன்னும் சிறிது நேரத்தில் லாசரு எழுந்து வரப்போகிறான் என்று தெரிந்தும் அழுதார். இந்த நாலு மாதத்தில் நீங்கள் மரியாளுடைய இடத்தில் இருக்கிறீர்கள். பாடம் வரவில்லை என்பதால் அவர் உங்களை விட்டுத் தூரமாய்ப் போய்விட்டார் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள்.

தினம் ஒரு பாடம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தில் சமையலறை வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1691இல் இறந்துபோனவர். 18 வயதில், குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். கொஞ்ச நாளில் இதில் இலை வரும், பூவும் காயும் வரும் என்று நினைத்துப் பார்த்தார். தேவனைப் பற்றிய ஒரு பெரிய உணர்வு அப்போது உள்ளே வந்தது. ஐம்பது வயது தாண்டிய பிறகும் அது தன்னை விட்டுப் போகவில்லை என்று சொல்லியிருக்கிறார். சமையலறை வேலை அவருக்குச் சுபாவத்திலேயே பிடிக்காத வேலை. அங்கே வருடக்கணக்காகப் பாத்திரங்களோடு நின்ற அந்த மனிதருக்கு ஒரே ஒரு மரம் போதுமானதாக இருந்தது.

அந்த நோட்டில் தேதி மட்டும் எழுதி நின்றுபோன பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள். அப்படியே இருக்கட்டும். திரும்ப எழுத மனம் வரும்போது அந்தக் கீழ்வரியை விட்டுவிட்டு, பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

கண்ணாடியைத் துடைக்க வேண்டாம். எடுத்துப் பார்க்க முடிகிற நாள் வந்தால், தடம் எந்தப் பக்கக் கண்ணாடியில் இருக்கிறது, அம்மா அதை எந்தக் கையால் கழற்றுவார்கள், கழற்றிவிட்டு எங்கே வைப்பார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதை வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா