வண்டி புல்லிங் இல்லை, விட்டு விட்டு இழுக்கிறது: டர்போவை மாற்ற வேண்டுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருந்து பண்ருட்டி, விழுப்புரத்துக்கு மீன் லோடு ஓட்டுகிறேன். 2018 மாடல் டர்போ டீசல் பிக்கப். கொஞ்ச நாளாகப் புல்லிங் இல்லை. லோடோடு கேப்பர் மலை ஏற்றத்தில் திணறி, கரும்புகை தள்ளுகிறது. சமதளத்தில் 60, 70-ல் போகும்போது ஆக்சிலேட்டரில் காலை அசைக்காமல் வைத்திருந்தாலும் தானாக இழுக்கிறது, விடுகிறது, மறுபடி இழுக்கிறது. ஓரங்கட்டி, அணைத்து ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச தூரம் நன்றாக ஓடுகிறது. டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டும் புதிது. டர்போ போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் பாகம், தேய்ந்துபோனால் சாவியைத் திருப்பிச் சரியாவதில்லை. அணைத்து எழுப்பினால் வண்டி ஓடுகிறது என்றால், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஏதோ ஒரு அளவு சரியில்லை என்று கண்டு, தானே டீசலைக் குறைத்து, இன்ஜினைக் காக்கும் லிம்ப் மோடுக்குப் போகிறது என்று அர்த்தம். மறுபடி ஸ்டார்ட் செய்ததும் முதலில் இருந்து கணக்கைத் தொடங்குகிறது. எந்த அளவில் கோளாறு என்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்த தடயம் புகை. கரும்புகை வந்தால் டீசல் போகிறது, எரிக்கக் காற்று போதவில்லை. டீசல் வரத்தில் அடைப்பு இருந்தால் பெரும்பாலும் புகை இல்லாமலே வண்டி சோர்ந்துபோகும். உங்களுடையது பி.எஸ்.4 என்ற பழைய மாசு விதிப்படி வந்த வண்டி, அதனால் புகை கண்ணுக்குத் தெரிகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் டிபிஎஃப் என்ற புகைக்குழாய் ஃபில்டர் கரியைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இந்தத் துப்பு கிடைக்காது. ஆக, முதலில் காற்றுப் பக்கம்.

இன்ஜின் ஆறியபின் டர்போவில் இருந்து இன்டர்கூலருக்கும் (ஊதிய காற்றைக் குளிர்விக்கும் பாகம்), அங்கிருந்து இன்ஜினுக்குள் காற்று நுழையும் இன்டேக்குக்கும் போகும் ஹோஸ்களைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலே பளிச்சென்று இருக்கும், கிளாம்ப் ஓரத்திலோ வளைவின் அடியிலோ வெடித்திருக்கும். ஐடிலில் அந்த வெடிப்பு மூடிக்கிடக்கும். லோடில் டர்போ ஊதும்போதுதான் வாய் திறக்கும், அதனால் ஷெட்டில் நிறுத்தி ரேஸ் கொடுத்துப் பார்ப்பவருக்குத் தெரியாது. கையால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருக்கும். ஹோஸுக்குள் லேசான எண்ணெய்ப் படலம் எல்லா வண்டியிலும் உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மீன் வண்டிகளில் ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீரால் கிளாம்ப் துருவேறிவிடும். திருகு இறுகித்தான் இருக்கும், பட்டை பிடிக்காது.

ஆனால் ஹோஸ் வெடிப்பு மட்டும் என்றால் இழுவை ஒரே சீராகக் குறைவாக இருக்கும். இழுத்து விட்டு இழுப்பதற்கு எனக்குச் சந்தேகம் டர்போவைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் மேல்தான். விஜிடி வகை டர்போ என்றால் உள்ளே இருக்கும் சிறு இறகுகளைத் திருப்பித்தான் காற்றழுத்தம் கூட்டிக் குறைக்கப்படுகிறது. பல வண்டிகளில் இதைச் செய்வது ஒரு வேக்குவம் ஆக்சுவேட்டரும் (வெற்றிட இழுப்பில் அசையும் பாகம்) அதன் தண்டும். கரி படிந்தோ துருப்பிடித்தோ தண்டு சிக்கிக்கொண்டால் இசியு ‘கூட்டு’ என்று சொல்லியும் அசையாது. பிறகு திடீரென்று விடுபட்டுத் தேவைக்கு மேல் போகும். இசியு உடனே குறைக்கும். இந்த இழுபறிதான் உங்களுக்கு வண்டி இழுத்து விடுவதாகத் தெரிகிறது.

சோதிப்பது எளிது. ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும், நீங்கள் தண்டைப் பாருங்கள். வேக்குவம் விஜிடியில் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆனதும் தண்டு உள்ளே இழுபடும், அணைத்ததும் திரும்பும். நடுவில் தயங்கினாலோ உதறினாலோ ஆள் அகப்பட்டுவிட்டார். சாதாரண வேஸ்ட்கேட் டர்போ (அழுத்தம் கூடும்போது மட்டும் திறக்கும் கதவு உள்ளது) என்றால் ஐடிலில் தண்டு அசையாது, அதைப் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். ஆக்சுவேட்டருக்கு வரும் மெல்லிய வேக்குவம் ஹோஸையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். சூட்டில் வெடித்திருக்கும், இல்லையென்றால் எங்காவது உரசித் தேய்ந்திருக்கும். சில்லறைக் காசில் முடியும் வேலை இது. பிரேக்கும் கூடவே கெட்டியாக இருந்தால் வேக்குவம் பம்ப்பையே பாருங்கள்.

அப்புறம் ஸ்கேனர், இசியு பதிந்து வைத்த பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி. குறியீட்டை அழித்துவிட்டு அனுப்பும் ஷெட்டில் வண்டியை விடாதீர்கள், முதலில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பி0299 என்றால் டர்போ அழுத்தம் குறைவு, பி0234 என்றால் அதிகம். அதைவிட முக்கியம் ஓட்டத்தில் பார்ப்பது. லோடோடு அதே ஏற்றத்தில் ஏறுங்கள், பக்கத்தில் இருப்பவர் இன்டேக் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் அளவை ஸ்கேனரில் படிக்கட்டும். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருக்கும்போது நம் கடற்கரையில் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும், இல்லையென்றால் சென்சாரே பொய் சொல்கிறது. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் இருமடங்கை நெருங்க வேண்டும். இசியு கேட்பதைவிடக் குறைவாகவே நின்றால் கசிவு, அல்லது இறகுகள் திறந்தபடி சிக்கியிருக்கின்றன. மேலே போய்க் கீழே விழுந்தால் தண்டு அல்லது சோலினாய்டு (ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு). எரிந்த புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்குள் திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினாலும் கரும்புகையும் சோர்வும் வரும், அதையும் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

இசியு கேட்கும் காற்றழுத்தமும் சென்சார் காட்டுவதும் ஒத்துப்போய், அப்போதும் வண்டி ஏறி இறங்கினால்தான் டீசல் பக்கம். ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயின் அழுத்தம்) ஊசலாடினால் பம்ப்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் சக்ஷன் கன்ட்ரோல் வால்வு, இல்லையென்றால் லைனில் எங்கோ ஏர் எடுக்கிறது. ஃபில்டருக்குப் பிறகு கண்ணாடி போன்ற டியூப் மாட்டினால் குமிழி ஓடுவது தெரியும். நீங்கள் புது ஃபில்டர் போட்டது நல்லதுதான், ஆனால் அதன் சீல் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டி அடிக்கும் புதுச்சேரி டீசல் மேல் பழி போடுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். அங்கே விலை குறைவது வரியால், தரத்தால் அல்ல. கேனில் வாங்கி வைத்து ஊற்றுவதால் சேரும் தண்ணீர்தான் ஆபத்து.

இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்த யாரையும் விடாதீர்கள். பழைய வண்டிகளில் வந்த பழக்கம் அது. இப்போதைய வண்டிகளில் உள்ள அந்த ரெயில் குழாயில் (காமன் ரெயில்) ஐடிலிலேயே 200 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும், லோடில் ஆயிரத்தைத் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

டர்போவை நேரில் பார்க்க விரும்பினால் ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, ஷாஃப்டை விரலால் ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், முன்னும் பின்னும் ஆட்டம் உணரக் கூடாது. ஷாஃப்டில் சுழலும் சக்கரத்தின் இறகு ஓரம் டர்போவின் வெளிக்கூட்டில் உரசிய கீறல் இருந்தால் மெக்கானிக் சொன்னதே சரி. மாற்றும்போது டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் பைப்பையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அதில் கரி அடைத்திருந்தால் புது டர்போவும் சீக்கிரமே போய்விடும்.