ஒரே தலைமுறை முன்னோர்களுக்குள் 55 வயது வித்தியாசம் வருமா?

'நான் 1975இல் பிறந்தவன். என் கொள்ளுத்தாத்தாக்களில் ஒருவர் பிறந்தது 1850, இன்னொருவர் 1905. எங்கேயோ தப்பாக எழுதிவிட்டேனா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் கொள்ளுத்தாத்தாவுக்கும் நடுவே மூன்று பிறப்புகள். 1905காரரின் வழியில் 70 வருடம், அதாவது பிறப்புக்குச் சராசரி 23 வயது. மற்ற வழியில் 125 வருடம், சராசரி கிட்டத்தட்ட 42. ஒரு பக்கம் எல்லாரும் தலைப்பிள்ளைகள், இன்னொரு பக்கம் கடைக்குட்டிகளும் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளும் என்றால் இது சாதாரணம். ஒவ்வொரு படியிலும் 18, 19 வருடம்தான் விலகுகிறது. மூன்று படியில் அது 55 ஆகிவிடுகிறது. இன்னும் மேலே போனால் விரிசல் பெரிதாகலாம், அல்லது எதிர்ப்பக்கம் தாமதமாகி ஈடுகட்டியும் விடலாம்.

நம்பக் கஷ்டமாக இருந்தால் அமெரிக்க அதிபர் ஜான் டைலரைப் பாருங்கள். பிறந்தது 1790. மகன் லயன் பிறந்தது 1853இல். அந்த மகனுக்கு 75 வயதில், 1928இல், ஒரு பிள்ளை. அந்தப் பேரன் 2025 வரை உயிரோடு இருந்தார்!

சரி, எப்போது சந்தேகப்படலாம்? மொத்த வித்தியாசத்தை விடுங்கள், ஒவ்வொரு படியாகப் பாருங்கள். அப்பாவுக்கு 70 வயது என்றால்கூட நடக்கும். பிரசவத்தின்போது அம்மாவுக்கு 50 தாண்டியிருந்தால் ஏதோ இடிக்கிறது. பெரும்பாலும் தாத்தா, பேரன் இருவருக்கும் ஒரே பெயர் இருந்து, நடுவில் ஒரு தலைமுறை விழுங்கப்பட்டிருக்கும்.