பிக்கப் வண்டியின் பின் ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றலாமா?

கேட்டவர் பெங்களூரில் பழைய பிக்கப் ஒன்று வைத்திருக்கிறார். ஹம்ப் ஏறி இறங்கினால் பின்பக்கம் நிற்காமல் ஆடுகிறது, ஒரு ஷாக்கில் எண்ணெய் கசிகிறது. பட்டறைக்குப் போகாமல் வீட்டு வாசலில் நாமே மாற்ற முடியுமா என்கிறார்.

முடியும். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு முன்னால் நானே இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை செய்த தப்பு நான்கே மாதத்தில் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டி என் மாமாவுடையது. ஓசூர் பக்கத்திலிருந்து பூ ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் கே.ஆர். மார்க்கெட்டில் நிற்க வேண்டும். வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின்பக்கம் துள்ளுகிறது, மழையில் பிரேக் போட்டால் பயமாக இருக்கிறது என்றார். டயரைத் தடவிப் பார்த்தேன். வட்டம் முழுக்க மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தது. ஷாக் செத்தால் டயர் ரோட்டில் ஒழுங்காகப் பதியாது, குதித்துக் குதித்துத்தான் ஓடும்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஷாக் அப்சார்பர் பாரம் தாங்குவதில்லை. டாடா ஏஸ், பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளில் பின்னால் பாரத்தைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங்தான். பட்டை அமுங்கி எழும்பும்போது அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டனில் உள்ள சின்னத் துளைகள் வழியாக எண்ணெய் பிதுங்கிப் போகிறது, ஆட்டத்தின் சக்தி சூடாக மாறுகிறது. அதனால்தான் மோசமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி இரண்டு ஷாக்கையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். ஒன்று சுட்டு, இன்னொன்று ஜில்லென்று இருந்தால், ஜில்லென்று இருப்பது வேலை செய்யவில்லை. ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் ஆட்டம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடங்காது.

ஷாக் வாங்க ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்குப் போகும்போது வண்டி மாடலையும் வருடத்தையும் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பழைய ஷாக் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். முழுசாக நீட்டிய நீளம், அமுக்கிய நீளம், கண்ணின் (போல்ட் நுழையும் முனை வளையம்) உள் அளவு மூன்றும் பொருந்த வேண்டும். பில் கொடுக்காத கடையில் வாங்காதீர்கள்.

துருப்பிடித்த நட்டுதான் இந்த வேலையில் பாதி நேரத்தைத் தின்னும். மூன்று நாள் முன்னதாகவே மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தினம் சாயங்காலம் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வையுங்கள். ரிங் ஸ்பேனர்தான் போட வேண்டும், திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் முனையை மழுங்கடித்துவிடும். நெருப்பு காட்டிச் சூடாக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். உள்ளே அடைபட்ட எண்ணெய் இருக்கிறது, வெடிக்கலாம்.

முதல் முறை நான் ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தை முழுசாகத் தூக்கி, சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, ஸ்டாண்டு கொடுத்துவிட்டுச் செய்தேன். சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. பழசைக் கழற்றி, புதுசைப் போட்டு, போல்ட்டை முழு பலத்தோடு முறுக்கிவிட்டு வண்டியை இறக்கினேன். நான்காவது மாதம் பின்னால் 'டொக் டொக்' என்று சத்தம். கழற்றிப் பார்த்தால் கண்ணுக்குள் இருந்த ரப்பர் புஷ் நார் நாராகக் கிழிந்திருந்தது. ஷாக் அப்படியே நன்றாக இருந்தது, புஷ் மட்டும் காலி.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், கலாசிபாளையத்தில் லாரி பட்டறைகளில் காலம் முழுக்க வேலை பார்த்தவர். கிழிந்த புஷ்ஷை விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, வண்டியத் தூக்கி வச்சே முறுக்கிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் தாத்தா என்றேன்.

அவர் சொன்னது இதுதான். போல்ட்டை இறுக்கியதும் புஷ்ஷின் உள் குழாய், ஷாக்கை மாட்டும் பிராக்கெட்டோடு பிடித்துக்கொள்கிறது. அதற்கப்புறம் ஷாக் சாயும்போதெல்லாம் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கின உடனேயே ரப்பர் முறுக்கிய நிலைக்குப் போய்விடும். நின்றாலும் ஓடினாலும் அந்த முறுக்கு போகாது. அப்புறம் கிழியாமல் என்ன செய்யும்?

அதனால் இரண்டாம் முறை வண்டியைத் தூக்கவே இல்லை. பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டிக்கு அது தேவையும் இல்லை, ஷாக்கைக் கழற்றினாலும் அச்சு பட்டையிலேயே இருக்கும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தேன். ஸ்பேர் வீலை இறக்கியதும் கீழே படுத்துக் கை நீட்ட நல்ல இடம் கிடைத்தது. ஒருவேளை உங்களுக்கு இடம் போதாமல் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில்தான் பிடிக்கிறது என்பதை மறக்காதீர்கள். பின்பக்கம் தூக்கியபின் வண்டியை நிறுத்தி வைப்பது முன் சக்கரத்துக் கட்டைகள் மட்டும்தான். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது, ஸ்டாண்டு இருந்தே ஆக வேண்டும். கடைசி முறுக்கு மட்டும் சக்கரம் தரையைத் தொட்ட பிறகு.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். வாஷர் எந்த வரிசையில் இருந்தது என்று குழம்பினால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். எண்ணெய் ஷாக் என்றால் மாட்டுவதற்கு முன் நேராக நிறுத்தி ஐந்தாறு முறை முழுசாக அமுக்கி இழுங்கள். முதல் இரண்டு முறை நடுவில் தொளதொளவென்று ஒரு இடம் கைக்குத் தெரியும், அது உள்ளே மாட்டிய காற்று. அது போய், இழுப்பு ஒரே சீராக வந்ததும் மாட்டுங்கள். உள்ளே அழுத்தத்தில் வாயு அடைத்த கேஸ் ஷாக் என்றால், அமுக்கிப் பட்டியால் கட்டி வரும். மேல் போல்ட்டைப் போட்டபின் பட்டியை வெட்டி, மெதுவாக நீளும்போது கீழ்க் கண்ணை இடத்துக்குக் கொண்டுவாருங்கள், விரல் நடுவில் இருக்கக்கூடாது. பளபளவென்ற தண்டை மட்டும் குறடால் பிடித்துவிடாதீர்கள். ஒரு சின்னக் கீறல் போதும், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆயில் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு வாரம் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். எங்கள் வண்டியில் ஒரு நட்டு கால் சுற்று இடம் கொடுத்தது.

சேசிஸில் உள்ள பிராக்கெட்டே விரிசல் விட்டிருந்தாலோ, போல்ட் உள்ளேயே முறிந்துவிட்டாலோ அங்கே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.