மதிலுக்கு அந்தப் பக்கம் யார்?

கேள்வி: எனக்கு 74 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவியும் நானும் யாழ்ப்பாணத்து உடுவிலில் தனியே இருக்கிறோம். போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வயோதிபத் தம்பதியைக் கட்டிவைத்துவிட்டுக் கள்ளர் நகைகளைக் கொண்டுபோனார்கள். கனடாவில் இருக்கும் மகன், “துவக்கு ஒன்று எடுத்து வைத்திருங்கள், காசு அனுப்புகிறேன்” என்கிறான். பக்கத்து வளவில் தம்பி குடும்பம்தான். எல்லைப் பிரச்சினையால் ஒன்பது வருடமாகப் பேச்சுப்பறைச்சல் இல்லை, இடையில் மதிலும் கட்டிவிட்டேன். இந்த வயதில் துவக்கு வைத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளையே மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7க்குள் ஒப்படைக்கச் சொன்னது அதே அமைச்சு. அலைச்சலை விடுங்கள். துவக்கை அலுமாரியில் பூட்டி வைத்தால், கள்ளன் கட்டிலடியில் நிற்கும்போது நீங்கள் திறப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். தலையணைக்குக் கீழே வைத்தால், சாமத்தில் எழுந்து கிணற்றடிக்குப் போய்வரும் மனைவியின் காலடிச் சத்தத்துக்கும் உங்கள் கை அதைத்தான் தேடும். நாலு இளைஞர்கள் வாளோடு உள்ளே வந்தால், அது அவர்கள் கைக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். “மதிலும் கட்டிவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியராக இருந்தவர் நீங்கள். அந்த ‘உம்’ எவ்வளவைச் சுமக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மதில் எழுமுன் அங்கே ஒரு வேலி இருந்திருக்கும், வேலியில் ஆள் நுழைந்துபோக ஒரு பொட்டு இருந்திருக்கும். அதனூடாகக் கறிச்சட்டியும் பிள்ளைகளும் போய்வந்திருப்பார்கள். நாய் குரைத்தால் “அண்ணை, யாரது?” என்று கேட்க ஒரு குரல் இருந்திருக்கும். கூப்பிட்டால் ஓடிவர யாரும் இல்லாத வீட்டைத்தான் கள்ளன் தேடுகிறான். உங்கள் வீடு அப்படிப்பட்டது என்பதை அந்த மதில் ஒழுங்கைக்கே அறிவித்துக்கொண்டிருக்கிறது. எத்தனை முழக் காணிக்காக ஐயா இது?

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த மதிலால் இருட்டில் ஏறிக் குதிக்கக்கூடியவன் கள்ளன் மட்டுமா? மாங்காய்க்கு ஆசைப்பட்ட உங்கள் தம்பியின் பேரனாகவும் இருக்கலாம். அவனும் உங்கள் பேரன்தான். அவனையும் கள்ளனையும் உங்கள் கண் அந்த இருட்டில் பிரித்தறியுமா?

1995 ஒக்டோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து வலிகாமமே நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, உங்கள் தாய் தகப்பனை யார் கூட்டிச்சென்றார், மூட்டையை யார் தூக்கினார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு எல்லைக்கல் பெரிதாகப் போவதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் மகனிலும் எனக்குக் கோபம் உண்டு. துவக்குக்குக் காசு அனுப்ப நினைத்தவன், “சித்தப்பா, அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தானா? இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.

வாசல் விளக்குப் போடுங்கள், பின்கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள், நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள், பொலிஸ் அவசர எண் 119ஐ மனைவியின் தொலைபேசியிலும் பதிந்து கொடுங்கள். இவை ஒரு கிழமை வேலை.

தம்பி வீட்டுக்கு இன்று பின்னேரமே போங்கள். மூத்தவர் நீங்கள்தான், ஆகவே நீங்கள்தான் போக வேண்டும். மனைவியையும் கூட்டிக்கொண்டு படலையால் போங்கள். எல்லையைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காதீர்கள். “எங்களுக்கு இரவில் பயமாக இருக்கிறது” என்று சொல்லுங்கள். மதிலில் எந்த இடத்தில் ஒரு சின்னக் கதவு வைக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள்.