தெற்கு மனையில் மூன்று மாடி வந்தால்

வணக்கம். தெற்குப் பக்கத்துக் காலி மனையில் 12 மீட்டர் உயரத்துக்குக் கட்டப் போகிறார்கள், சென்னையில் 1998-இல் கட்டிய உங்கள் வீட்டு ஹால் இருண்டுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜூனில் பெரிதாகத் தெரியாது. அப்போது உச்சி வெயில் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மார்கழியில்தான் விஷயம். டிசம்பர் 21 வாக்கில் நண்பகலில்கூட சூரியன் தெற்கே 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். 12 மீட்டர் கட்டடத்தின் நிழல் வடக்கே ஏறக்குறைய 9 மீட்டர் விழும். அவர்கள் சுவருக்கும் உங்கள் ஜன்னலுக்கும் 3 மீட்டர்தான் என்றால், அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை கீழ்த்தளத்துக்கு நண்பகல் வெயில் எட்டாது.

சட்டத்தில் ஒரு பிடி உண்டு. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் (Easements Act, பக்கத்து நிலத்தின் வழியே வரும் வெளிச்சம் போன்ற உரிமைகளைப் பற்றிய சட்டம்) 15-ஆம் பிரிவுப்படி, ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டு தடையில்லாமல் வெளிச்சம் வந்திருந்தால் அது உரிமையாகும். ஆனால் கொஞ்சம் இருட்டியது என்று சொன்னால் போதாது, வீட்டில் இருக்கும் வசதி கணிசமாகக் கெட்டது அல்லது வீட்டின் மதிப்பு கணிசமாகக் குறைந்தது என்று காட்ட வேண்டும். துளசிமாடம் இருக்கும் திறந்த முற்றத்துக்கு இந்த உரிமை கிடையாது.

வழக்குக்கு முன், அனுமதி பெற்ற வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டடத்துக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய பக்க இடைவெளியைத் தின்றிருந்தால் அதுவே வலுவான புகார். அஸ்திவாரத்திலேயே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். தளம் போட்டபின் யாரும் இடிக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி, எங்களைப் பார்த்த சுவருக்கு என் செலவில் வெள்ளையடித்தேன். வெயில் வரவில்லை, ஆனால் பகலில் டியூப்லைட் போடுவது நின்றது.