வளையலை நான்தான் எடுத்தேன்னு சொல்றாங்க என் அத்தை

கேள்வி: டாக்டர் மேடம், என் மாமியாருக்கு 71 வயசு. ரெண்டு வருஷமா மறதி, இப்ப ஆறு மாசமா ரொம்ப ஜாஸ்தி. வளையலை அவங்களே கழட்டி அரிசி டப்பாவுல போட்டுட்டு நான் திருடிட்டேன்னு பக்கத்து வீட்ல போய் சொல்றாங்க, சாப்பிட்டு அரை மணி நேரத்துல எனக்கு சோறே போடலைங்கிறாங்க. ஆனா அவங்க கல்யாணத்துக்கு யாரு எவ்ளோ மொய் வச்சாங்கன்னு ஊர் பேரோட சொல்றாங்க! ஸ்கேன், ரத்த டெஸ்ட் எல்லாம் பாத்துட்டு நியூரோ டாக்டர் அல்சைமர்னு சொல்லிட்டார். அம்பது வருஷத்துக்கு முந்தினது ஞாபகம் இருக்கு, மத்தியானம் சாப்பிட்டது மட்டும் மறந்துருமா, நடிக்கிறாங்கன்னு என் வீட்டுக்காரரே சொல்றார். எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோணுது.
- வாசகி, மன்னார்குடி

பதில்: நடிப்பு இல்லம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் இதைப் படிச்சு காட்டுங்க.

மூளையில காதுக்கு உள்பக்கமா, கடல்குதிரை மாதிரி வளைஞ்சு ஹிப்போகேம்பஸ்னு ஒரு பகுதி இருக்கு. இன்னிக்கு நடக்குறதை ஞாபகமா பதிய வைக்கிறதுல அதுக்குத்தான் பெரிய பங்கு. அல்சைமர் வழக்கமா அதுலயும் அதை ஒட்டின இடத்துலயும்தான் முதல்ல கை வைக்குது. மொய் கணக்கெல்லாம் எப்பவோ மூளையோட மேல்பரப்புல பல இடத்துல நல்லா பதிஞ்சு போனது, அங்க நோய் மெதுவாத்தான் போய் சேரும். மத்தியானம் சாப்பிட்டது அவங்களுக்கு மறக்கல, பதியவே இல்ல. அதனால சோறு போடலைன்னு சொல்றப்ப அவங்களைப் பொறுத்தவரை அதுதான் நிஜம்.

உள்ள என்ன நடக்குதுன்னா, நரம்பு செல்லுக்கு வெளிய அமிலாய்டு பீட்டாங்கிற புரதத் துணுக்கு திட்டுத்திட்டா படியுது, செல்லுக்குள்ள டௌங்கிற இன்னொரு புரதம், சாதாரணமா செல்லோட உள் பாதைகளை தாங்கிப் பிடிக்கிறது, அது கழண்டு நூல் சிக்கு மாதிரி முறுக்கிக்குது, செல்லுக்கு செல் பேச்சு நின்னு கடைசில செல்லே சாகுது, மூளை சுருங்குது. இதெல்லாம் ரெண்டு வருஷத்து வேலை இல்ல. வெளிய தெரியறதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்.

திருட்டுப் பழி உங்களுக்கு எவ்ளோ வலிக்கும்னு புரியுது. ஆனா இந்த நோய் முதல்ல பதிவான அம்மாகிட்டயே அடுத்தவங்களை சந்தேகப்படுற குணம் இருந்துச்சு. ஜெர்மனில பிராங்பர்ட்ல 1901ல அகஸ்டே டெட்டர்னு ஒரு அம்மாவை மனநல ஆஸ்பத்திரில சேர்த்தாங்க, வயசு 51தான். அவங்ககிட்ட முதல்ல கண்ணுல பட்டது புருஷன் மேல சந்தேகம், அப்புறம்தான் மறதி. வீட்டு சாமானை அங்கயும் இங்கயும் தூக்கிட்டுப் போய் ஒளிச்சு வைப்பாங்களாம், உங்க அரிசி டப்பா மாதிரியேதான். பேரு என்னன்னு கேட்டா அகஸ்டேன்னாங்க, புருஷன் பேரு கேட்டாலும் அகஸ்டேன்னுதான். நான் என்னையே தொலைச்சிட்டேன்னு சொல்லியிருக்காங்க, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு கண்ணு கலங்கிரும். 1906ல அவங்க இறந்தப்புறம் மூளையை மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாத்து அந்த திட்டையும் சிக்கையும் எடுத்துச் சொன்னவர்தான் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர்.

வளையலை வச்சது பதியல, ஆனா கையில வளையல் இல்லைங்கிறது கண்ணுக்குத் தெரியுது. மூளை ஏதாவது ஒரு காரணம் சொல்லியாகணுமே, எப்பவும் பக்கத்துல இருக்கிறது யாரு, நீங்கதான். பராமரிக்கிறவங்க மேலதான் இந்தப் பழி அதிகமா விழுது. நான் எடுக்கலன்னு வாதாடாதீங்க, வாங்க அத்தை சேர்ந்து தேடுவோம்னு சொல்லுங்க. சண்டை நடந்தது அவங்களுக்கு மறந்துரும், ஆனா அதுல வந்த கோபமும் பயமும் அப்புறமும் மனசுல நிக்கும். தங்கத்தை எடுத்து பத்திரமா வச்சுட்டு அதே டிசைன்ல கவரிங் வளையல் போட்டு விடுங்க. பக்கத்து வீட்லயும் நோயைப் பத்தி சொல்லிருங்க, மறைக்கிற விஷயமே இல்ல.

போகப்போக வார்த்தை கிடைக்காது, தெரிஞ்ச தெருவுலயே வழி தப்பும், புடவை கட்ட வராது, சாயங்காலம் ஆனா நம்ம வீட்டுக்குப் போலாம் வான்னு தவிப்பாங்க. இருட்டுறதுக்கு முன்னாடியே லைட்டைப் போட்டுருங்க. டோனெபெசில் மாதிரி மாத்திரை கொஞ்ச நாள் தாங்கிப் பிடிக்கும், நோயை நிறுத்தாது. ஒண்ணு முக்கியம், ரெண்டு மூணு நாள்ல திடீர்னு ரொம்ப மோசமானா நோய் முத்திருச்சுன்னு விட்றாதீங்க, யூரின் இன்பெக்ஷனாக்கூட இருக்கும், உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயசுல அல்சைமர் வந்துச்சு. எனக்கு 44, இப்பல்லாம் சாவி வச்ச இடமே மறந்து போகுது, எனக்கும் வந்துருச்சா?
- வாசகர், சேலம்

பதில்: சாவியைத் தேடுறது நம்ம எல்லாருக்கும் உள்ளதுதான் தம்பி. சாவி எதுக்குன்னே தெரியாம கையில வச்சுட்டு நின்னா பயப்படணும். அப்பாவுக்கு வயசானப்புறம் வந்ததால உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், கட்டாயம் வரும்னு இல்ல. தூக்கம் சரியில்லையான்னு பாருங்க, பி12, தைராய்டு டெஸ்ட் எடுங்க, இதெல்லாம் குறைஞ்சாலும் மறதி வரும், சரி பண்ணவும் முடியும். பிபி, சுகரை கட்டுல வைங்க. காது மந்தமா இருந்தா கூச்சப்படாம மெஷின் வச்சுக்கோங்க, காது கேக்காம விடுறதும் மறதி நோய் வர்ற வாய்ப்பைக் கூட்டும்.